மிளகமுதும் மென்வயிறும்

திருவேங்கட மலைக்குப் புறப்படுவோர் உள்ளத்தில் மூன்று கவலைகள் எழுவது இயல்பு. தரிசனம் எப்பொழுது கிட்டும் என்பது ஒன்று. தங்குவதற்கு இடம் கிடைக்குமா என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் விடை கூறுவார் பலர் உளர். மூன்றாவது கவலையோ பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. அவ்வூர் உணவு நம் வயிற்றிற்கு ஒத்துக்கொள்ளுமா என்பதே அது. புளித்த ஏப்பமும் நெஞ்செரிவும் உடையவர், சிறிது காரம் பட்டாலும் குடல் கலங்குபவர், எண்ணெய்ப் பண்டம் உண்டால் இரவெல்லாம் உறக்கமின்றி வருந்துபவர் ஆகியோர், சித்தூர்ச் சீமை என்றதும் சிவந்த மிளகாய்த் துவையலையும் ஊறுகாயையும் எண்ணி அஞ்சுகின்றனர். மரக்கறி உணவே உண்போர்க்கு இவ்வச்சம் இன்னும் மிகுதி. தட்டில் உள்ள கறி, குழம்பு, துவையல் மூன்றும் காரமாயிருப்பின் அவருக்கு எஞ்சுவது வெறுஞ்சோறும் மோருமே.

இத்தகையோர்க்கு நண்பர் கூறும் அறிவுரை ஒன்றேதான்: ‘தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.’ ஒருநாள் இதனைக் கைக்கொள்ளலாம். மூன்று நாள் கைக்கொண்டால் நாக்கு மரத்துப்போகும். மாதக்கணக்கில் கைக்கொள்வோரோ உடல் மெலிந்து, உணவு என்றாலே வெறுப்புக் கொள்ளும் நிலைக்கு வருகின்றனர். உண்ணும் பொருள்களின் வகை குறையக் குறைய உடலுக்குச் சேரவேண்டிய சத்தும் குறைகிறது. பந்தியில் பிறரோடு அமர்ந்து உண்ணும் மகிழ்ச்சியும் குறைகிறது. ஆதலால் மென்வயிறு உடையவருக்கு வேண்டுவது காரமற்ற உணவு மட்டுமன்று. காரமற்ற உணவில் வகைகளும் வேண்டும். இதற்கு விடை தேட நாம் தொலைவு செல்லவேண்டுவதில்லை. திருப்பதி, சித்தூர்ப் பகுதியின் வரலாற்றிலேயே அது பொதிந்து கிடக்கிறது.

முதலில் அந்நிலத்தின் இயல்பைக் காண்போம். சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று உருவாக்கப்பட்டது. அதுகாறும் வட ஆர்க்காட்டிலும் கடப்பையிலும் அடங்கியிருந்த வட்டங்கள் ஒன்றுசேர்ந்து புது மாவட்டம் ஆயின. ஒருபுறம் தொண்டைநாட்டு நெல்வயல். மறுபுறம் இராயலசீமையின் கேழ்வரகுக் காடு. மேற்கே ஏறினால் மைசூர்ப் பீடபூமி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் விலை பேசிய இடம் இது. எல்லை குறித்து நெடுங்காலம் நிகழ்ந்த வழக்கின் முடிவில், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை இராச்சியத்துடன் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறின, அடுப்புகள் மாறவில்லை. இன்றும் அப்பகுதியில் ஒரு வீட்டில் பொங்கலும், அடுத்த வீட்டில் கேழ்வரகுச் சங்கடியும், தெருமுனையில் உடுப்பி முறைத் தோசையும் ஒரே காலைப்பொழுதில் வேகின்றன. இவ்வகைப் பெருக்கமே நமக்குக் கிடைக்கும் முதல் ஆறுதல்.

இனி மலைமேல் ஏறுவோம். அங்குள்ள கற்சுவர்கள் உணவைப் பற்றிப் பேசுகின்றன. திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றைப் படியெடுத்து வகைப்படுத்தும் பெரும்பணியில் ஈடுபட்டவர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி. தேவஸ்தானத்தின் கல்வெட்டுத் தொகுதிகள் 1930களில் வெளிவந்தன. அக்கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. விசயநகர மன்னர் காலத்திலும் இவ்வழக்கு மாறவில்லை. ஆதலின் தமிழ் கற்றோர்க்கு அச்சுவர்கள் தாய்மொழியில் எழுதிய ஒரு பெரிய சமையற்குறிப்பேடு போலவே தோன்றும்.

பல்லவ அரசி சாமவை போக ஸ்ரீநிவாசரின் வெள்ளித் திருமேனியை அளித்து, திருவமுதுக்கும் விளக்குக்கும் நிலம் விட்ட செய்தி அங்குள்ள தொன்மையான கல்வெட்டுகளுள் ஒன்றாகும். பின்னர் வந்த சோழர், பாண்டியர், யாதவராயர் காலங்களில் இக்கொடைகள் வளர்ந்தன. சந்திரகிரியிலிருந்து ஆண்டு, 1485இல் விசயநகர அரியணை ஏறிய சாளுவ நரசிம்மர் காலத்திலும், கிருஷ்ணதேவராயர், அச்சுதராயர், சதாசிவராயர் ஆகியோர் ஆண்ட 16ஆம் நூற்றாண்டிலும் அவை பெருவெள்ளமாயின. கிருஷ்ணதேவராயர் மட்டும் 1513க்கும் 1521க்கும் இடையில் ஏழு முறை மலைக்கு வந்து வழிபட்டார்.

இக்கொடைக் கல்வெட்டுகளின் நடை கவனித்தற்குரியது. கொடையாளி இவ்வளவு பொன் கொடுத்தார் என்று சொல்லி அவை நின்றுவிடுவதில்லை. அப்பொன்னைக் கொண்டு கோயிலுக்குரிய ஊர்களில் ஏரியும் காலும் வெட்டுக. அதனால் பெருகும் விளைவிலிருந்து இன்ன நாளில் இன்ன அமுது படைக்க என்று விதிக்கின்றன. அதன்பின் பொருள்களின் பட்டியல் வருகிறது. அரிசி இத்தனை மரக்கால், நெய்யமுது இத்தனை நாழி, பயறு இவ்வளவு, கறியமுது, உப்பமுது, மிளகமுது, தயிரமுது, சர்க்கரையமுது, அடைக்காயமுது, இலையமுது என்று நாழி, உழக்கு, ஆழாக்கு, பலம் ஆகிய அளவுகளோடு எழுதப்பட்டிருக்கும். உப்பும் மிளகும் வெற்றிலையுங்கூட ‘அமுது’ என்னும் பெயர் பெறுகின்றன. இறைவனுக்கென்று அளந்து இட்ட பொருள் எதுவும் அமுதே என்பது அக்காலத்தார் கொள்கை.

பட்டியலின் மறுபகுதி பணியாரங்கள். அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, தோசைப்படி, மனோகரப்படி என்று அவை நீளுகின்றன. நாள்தோறும் படைப்பது ஒன்று, திருநாளில் படைப்பது வேறு. மார்கழிக்கு ஒன்று, கோடைத் திருநாளுக்கு மற்றொன்று. ஒரே உணவை ஆண்டு முழுதும் படைக்கும் வழக்கம் அங்கில்லை. வகையும் அளவும் காலமும் ஒருங்கே விதிக்கப்பட்டன. இன்றைக்கு மருத்துவர் எழுதித்தரும் உணவுமுறைக் குறிப்பிலும் இம்மூன்றுந்தாமே இருக்கின்றன!

இவ்வமுது இறைவன் திருமுன் படைக்கப்பட்டபின் யாருக்குச் சென்றது? இதற்கும் கல்வெட்டு விடை தருகிறது. கொடையாளிக்கு நான்கில் ஒரு பங்கு உரியது. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். எஞ்சியது கோயிற் பணியாளர்க்கும் பிறர்க்கும் பகிரப்பட்டது. கொடையாளர் பலர் தம் விழுக்காட்டைத் தாம் கொள்ளாமல், வழிநடந்து வரும் யாத்திரிகர்க்கு அளித்தனர். சாளுவ நரசிம்மர் திருமலையிலும் திருப்பதியிலும் இராமானுச கூடங்களை நிறுவினார்; கந்தாடை இராமானுச ஐயங்கார் அவற்றை நடத்திவந்தார். மலையேறிக் களைத்து வந்தவர்க்கு அங்கே உணவு கிடைத்தது. எனவே அக்கற்சுவரில் உள்ள பட்டியல் இறைவனுக்குரிய பட்டியல் மட்டுமன்று. அந்நாளைய யாத்திரிகர் உண்ட உணவின் பட்டியலுமாகும்.

இப்பொழுது மென்வயிற்றுக்காரரின் கண்கொண்டு அப்பட்டியலை மீண்டும் பார்ப்போம். அரிசி, பாசிப்பயறு, நெய், தயிர், வெல்லம், மிளகு இவை அனைத்தும் இருக்கின்றன. மிளகாய் இல்லை. இஃது ஆகம விதியால் மட்டும் நேர்ந்ததன்று. சாமவை நிலம் விட்ட நாளிலும், சாளுவ நரசிம்மர் கூடம் கட்டிய நாளிலும் இந்தியாவில் மிளகாய் என்னும் பொருளே இல்லை. அது தென் அமெரிக்கா, மெக்சிகோ முதலிய பகுதிகளில் விளைந்த செடி. கொலம்பசு 1492இல் அக்கண்டத்துத் தீவுகளை அடைந்த பின்னரே அது கடல் கடந்தது. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டிற்கு வந்தார். 1510இல் போர்த்துகேசியர் கோவாவைக் கைப்பற்றினர். அவர்கள் கப்பல் வழியாகவே மிளகாய் நம் நாட்டுக் கரையில் இறங்கிற்று. அதன் பின்னும் உடனே எல்லா அடுப்புகளிலும் ஏறிவிடவில்லை. 1590 அளவில் அக்பரின் அவையில் எழுதப்பட்ட ‘ஆயீனே அக்பரி’ அரண்மனைச் சமையலை விரித்துக் கூறுகிறது. அதிலும் மிளகு உண்டு, மிளகாய் இல்லை.

இவ்வுண்மைக்குச் சொற்களே சான்று பகரும். தமிழில் மிளகு என்பது பழஞ்சொல். மிளகாய் என்பது ‘மிளகுபோல் உறைக்கும் காய்’ என்று பின்னர் ஆக்கிய சொல். தெலுங்கிலும் மிளகிற்கு ‘மிரியாலு’ என்றும், மிளகாய்க்கு ‘மிரபகாய’ என்றும் பெயர். கன்னடத்தில் மிளகு ‘மெணசு’, மிளகாய் ‘மெணசினகாயி’. சித்தூர்ச் சந்தையில் வழங்கும் மூன்று மொழிகளும் புதிதாக வந்த பொருளுக்குப் பழைய பொருளின் பெயரையே இரவல் கொடுத்திருக்கின்றன. வந்தது விருந்தாளி என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

விருந்தாளி வீட்டுக்காரனாக மாறியதற்குத் தக்க காரணமும் உண்டு. மிளகு மலையாளக் கரையில், மழை மிகுந்த மலைச்சாரலில் விளைவது. விலைபெற்ற வாணிகச் சரக்கு. மிளகாயோ கொல்லையில் நட்டாலும் காய்க்கும். வெயிலில் உலர்த்திவைத்தால் ஆண்டு முழுதும் உதவும். மழை குறைந்த இராயலசீமையின் ஏழைக் குடியானவர் கேழ்வரகுக் களியையும் சோளக் கூழையும் ஊட்டிய நாவிற்கு ஒரு சுவை வேண்டியிருந்தது. நாலு மிளகாயும் சிறிது புளியும் உப்பும் அரைத்தால் குடும்பம் முழுவதற்கும் அது கறியாயிற்று. வறுமைக்குத் துணையாய் வந்த காரம் நாளடைவில் பெருமைக்குரிய சுவையாயிற்று. அச்சுவையை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அது அம்மண்ணின் ஒரே சுவையன்று. அங்குள்ள சுவைகளுள் வயதில் இளையது என்பதை நினைவிற்கொள்ளவேண்டும்.

கோயில் மடைப்பள்ளி இவ்விளைய சுவைக்கு எளிதில் இடங்கொடுக்கவில்லை. இன்றும் திருமலையில் படைக்கப்படும் அமுது வகைகளுள் சர்க்கரைப் பொங்கல், மிளகிட்ட வெண்பொங்கல், மிளகோரை, கதம்பம், புளியோதரை, ததியோதனம் முதலியன உள்ளன. வெங்காயமும் பூண்டும் இவற்றிற் சேர்வதில்லை. கருவறையின் குலசேகரன் படியைத் தாண்டி உள்ளே செல்லும் அமுது, புது மட்பாண்டத்தின் ஓட்டில் வைத்த தயிர்ச்சோறு ஒன்றே என்று சொல்வது மரபு. மண் பூவால் வழிபட்ட குயவரான குறும்பறுத்த நம்பியின் வரலாற்றோடு இதனை இணைத்துக் கூறுவர். இலட்டு, வடை, அதிரசம் எல்லாம் வெளியே நிற்க, எளிய தயிர்ச்சோறு உள்ளே செல்கிறது என்னும் இவ்வழக்கு, ‘தயிர்சாதம் நோயாளியின் உணவு’ என்று நாணுவோர் சிந்திக்கத்தக்கது.

உலகறிந்த திருப்பதி இலட்டு இவ்வரிசையில் காலத்தால் பிற்பட்டது. இன்றைய வடிவில் அது நிலைபெற்றது 1940ஆம் ஆண்டையொட்டி என்பர். 2009இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலைமாவும் நெய்யும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த அது, மென்வயிறு உடையவர்க்குப் பிரசாதம் என்ற அளவில் ஒரு விள்ளல் போதும், உணவாகக் கொள்ளத்தக்கதன்று.

இனி மருத்துவர் கூற்றைக் கேட்போம். மிளகாயினால்தான் குடற்புண் உண்டாகிறது என்று நெடுங்காலம் நம்பிவந்தோம். தென்னாட்டில் குடற்புண் மிகுதியாகவும், வடமேற்கில் குறைவாகவும் காணப்படுவதை இரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்ஹோத்ரா 1964இல் எடுத்துக்காட்டி, உணவை மென்று உமிழ்நீரோடு கலக்கும் முறையிலுள்ள வேற்றுமையை அதற்குக் காரணமாகக் கருதினார். பின்னர் ஆஸ்திரேலிய மருத்துவர் ராபின் வாரனும் பாரி மார்ஷலும், ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரே இரைப்பைப் புண்ணுக்கும் சிறுகுடற் புண்ணுக்கும் பெருங்காரணம் என்று நிலைநாட்டினர். பிறர் நம்ப மறுத்ததனால் மார்ஷல் 1984இல் அந்நுண்ணுயிர் கலந்த நீரைத் தாமே பருகி, இரைப்பை அழற்சியால் துன்புற்று, உண்மையை மெய்ப்பித்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வலி தீர்க்கும் மாத்திரைகளை அளவின்றி உண்பது மற்றொரு காரணம். எனவே புண்ணுக்கு மிளகாய் மூலகாரணம் அன்று. தக்க மருந்தால் அந்நோய் பெரும்பாலும் தீரக்கூடியது. உணவைக் குறைத்துக்கொண்டு வாழ்நாள் முழுதும் வருந்துவதைவிட, மருத்துவரிடம் சென்று நோயின் பெயரை அறிந்துகொள்வதே முதற்கடமை. இரத்தம் கலந்த வாந்தியோ, கரிய மலமோ, காரணமின்றி உடல் மெலிவோ காணின் ஒருநாளும் தாழ்த்தலாகாது.

ஆயினும் காரம் துன்பம் தருவது பொய்யன்று. மிளகாயிலுள்ள காப்சைசின் என்னும் பொருள் நாவிலும் குடலிலும் உள்ள, சூட்டை உணரும் நரம்பு முனைகளையே தூண்டுகிறது. அம்முனைகளில் இதனை ஏற்கும் புரதத்தை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசில் பங்குபெற்றார். ‘எரிகிறது’ என்று நாம் சொல்வது வெறும் உவமையன்று. நரம்பு உண்மையிலேயே தீயின் செய்தியை அனுப்புகிறது. காப்சைசின் நீரிற் கரையாது; ஆதலால் தண்ணீர் குடித்தால் எரிவு அடங்குவதில்லை. பாலிலும் தயிரிலும் உள்ள புரதம் அதனைப் பற்றி அகற்றுகிறது. காரவுணவின் முடிவில் தயிர்ச்சோறு உண்ணும் நம் முன்னோர் வழக்கத்திற்கு இதனால் ஒரு விளக்கம் கிடைக்கிறது.

மற்றொரு செய்தி இன்னும் வியப்பானது. எளிதில் கலங்கும் குடலுடையோர் பலருக்கு வயிற்றுப்பொருமல் உண்டாக்கும் உணவுகள் எவை என்று ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் விலக்கச் சொல்லும் பொருள்களுள் வெங்காயமும் பூண்டும் முன்னிற்கின்றன. அவற்றிலுள்ள ஒருவகை மாவுப்பொருள் செரிக்காமல் பெருங்குடலை அடைந்து அங்கே நொதித்துக் காற்றை உண்டாக்குகிறது. மடைப்பள்ளி இவற்றை விலக்கியது வேறு நோக்கத்தால். பயனோ இவர்களுக்கும் கிடைக்கிறது. ஆனால் மடைப்பள்ளியின் எல்லாப் பண்டமும் எல்லார்க்கும் ஏற்றது என்று கொள்ளுதல் கூடாது. புளியோதரையின் புளியும் எண்ணெயும் நெஞ்செரிவு உடையவர்க்குப் பகை. நெய் மிகுந்த பொங்கல் இரைப்பையில் நெடுநேரம் தங்கும். வடை, அதிரசம் முதலியன எண்ணெயிலும் நெய்யிலும் பொரிந்தவை. பால் ஒவ்வாதவர் பலர் தயிரை ஓரளவு தாங்குவர். சிலர் அதனையும் தாங்கார். பட்டியல் பெரியது; அதில் தமக்குரியதைத் தேர்ந்துகொள்வது அவரவர் பொறுப்பு.

மலையினின்று இறங்கிச் சித்தூர் நாட்டுப்புறத்திற்கு வந்தால் மற்றொரு பழைய உணவுமுறை நம்மை எதிர்கொள்கிறது. கேழ்வரகுச் சங்கடி என்பது நம் களியே. கேழ்வரகும் சிறிது அரிசியும் சேர்த்துக் கிண்டுவது. அதற்குத் துணையாக வரும் வேர்க்கடலைத் துவையலில் மிளகாய் உண்டு. ஆனால் அதனை விலக்கிக் கீரை மசியலோடோ மோரோடோ உண்பதற்குத் தடையில்லை. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. அரிசியுணவினர் வாரத்தில் இருமுறை உண்டால் வகையும் கிடைக்கும், வலிவும் கிடைக்கும். பாசிப்பருப்பை உப்பும் மஞ்சளும் மட்டும் இட்டு வேகவைத்துச் சோற்றில் பிசைவது அவ்வூர் வீடுகளில் குழந்தைக்கும் முதியோர்க்கும் தரும் உணவு. பீர்க்கு, சுரை, புடலை ஆகிய காய்களைப் பால் விட்டோ பருப்புச் சேர்த்தோ கூட்டாக்குவர். மோர்க்குழம்பை ‘மஜ்ஜிக புலுசு’ என்பர். மிளகும் சீரகமும் தட்டிய இரசத்தை ‘மிரியால சாரு’ என்பர். கொள்ளு இரசமும் உண்டு. ஆனால் கொள்ளு காற்றை உண்டாக்கும் இயல்பினது, ஆதலால் அளவு வேண்டும். இவையெல்லாம் விருந்து மேசையில் தோன்றுவதில்லை; வீட்டு அடுப்படியில் அமைதியாக வாழ்கின்றன. உணவுவிடுதி ஒன்றையே கண்டு ஓர் ஊரின் சமையலை மதிப்பிடுவோர் இவற்றை அறியாமலே திரும்புகின்றனர்.

விடுதிகளின் வரலாறு வேறு. பழங்காலத்தில் யாத்திரிகர் கூடங்களிலும் சத்திரங்களிலும் உண்டனர். அல்லது கட்டுச்சோறு கொண்டுவந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி 1801 முதல் கோயில் நிருவாகத்தைத் தன் பொறுப்பில் வைத்திருந்து, 1843இல் அதனை ஹாதிராம்ஜி மடத்தாரிடம் ஒப்படைத்தது. 1933இல் தேவஸ்தானக் குழு அமைந்தது. இதற்கிடையில் இரயில் வந்தது. 1944இல் மலைக்கு மோட்டார் பாதை திறக்கப்பட்டது. நாட்கணக்கில் நடந்து வந்தோர் மணிக்கணக்கில் வரலாயினர். கூட்டம் பெருகியதும், விலைக்கு உணவு விற்கும் விடுதிகளும் பெருகின. தென்கன்னடத்து உடுப்பியினின்று புறப்பட்டுச் சென்னையிலும் பிற நகரங்களிலும் பரவிய விடுதிமுறையும் இங்கே இடம்பெற்றது. இட்டலி, தோசை, உப்புமா என்னும் சிற்றுண்டிகள் யாத்திரிகரின் வழியுணவாயின. ஆவியில் வெந்த இட்டலி எண்ணெயற்றது, மாவு நொதித்தது, சூடாகக் கிடைப்பது. மென்வயிறு உடையவர்க்கு அதனினும் நல்ல நண்பன் அரிது. அதனுடன் வரும் சட்டினியே சோதனைக்குரியது.

விலையின்றி உணவளிக்கும் பழைய மரபும் அழிந்துவிடவில்லை. பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டையில் பிறந்த பெண்பாற் புலவர் வெங்கமாம்பா (1730-1817) திருமலையில் வாழ்ந்து அன்னதானம் நடத்தியவர் என்று போற்றப்படுகிறார். 1985 ஏப்ரல் 6ஆம் நாள், என். டி. ராமராவ் முதலமைச்சராயிருந்தபோது, தேவஸ்தானத்தின் நித்திய அன்னதானத் திட்டம் தொடங்கிற்று. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 2,000 பேருக்கு உணவு தரப்பட்டது. 2011இல் வெங்கமாம்பாவின் பெயராலேயே பெரிய அன்னப்பிரசாத மண்டபம் திறக்கப்பட்டது. இன்று நாள்தோறும் பல்லாயிரவர் அங்கே இலையிட்டு உண்கின்றனர். சோறு, கறி, சாம்பார், இரசம், மோர், சர்க்கரைப் பொங்கல் என வரிசையாக வரும் அப்பந்தியில், இரசத்தையும் மோரையும் பெருக்கிச் சாம்பாரைக் குறைத்துக்கொள்வது உண்பவர் கையில் உள்ளது. விட்டவன் விழுக்காடு வழிப்போக்கனுக்குச் சென்ற அதே வழக்கமே இன்று வேறு பெயரில் தொடர்கிறது எனலாம்.

மேலே கண்ட வரலாற்றினின்று நடைமுறைக்கு உதவும் சில முடிபுகளைத் தொகுத்துக்கொள்வோம். மூன்று நாள் அப்பகுதியில் தங்கும் ஒருவர் ஒரே உணவை இருமுறை உண்ணாமலே வயிற்றைக் காத்துக்கொள்ளலாம். முதல் நாள் காலை இட்டலியும் தேங்காய்ச் சட்டினியும், பகலில் பருப்புஞ்சோறும் பீர்க்கங்காய்க் கூட்டும், இரவில் தயிர்ச்சோறு. அடுத்த நாள் நெய் குறைத்த வெண்பொங்கல். பகலில் மிளகு இரசமும் புடலங்காய்க் கறியும். இரவில் இடியாப்பமோ கோதுமைக் கஞ்சியோ. மூன்றாம் நாள் எண்ணெய் குறைத்த தோசை; பகலில் கேழ்வரகுச் சங்கடியும் கீரையும் மோரும்; இரவில் பாசிப்பருப்புக் கஞ்சி. விடுதிக்காரரிடம் கேட்கத் தயங்கவேண்டுவதில்லை. ‘காரம் லேகுண்டா’ என்றால் காரமின்றி என்று பொருள். ‘நூனெ தக்குவ’ என்றால் எண்ணெய் குறைவாக என்று பொருள். இவ்விரு தொடர்களையும் கூட்டம் மிகும் முன்னரே, சமையற்காரரின் கை ஓய்ந்திருக்கும் நேரத்தில் சொன்னால் பயன் மிகுதி.

இன்னும் ஒன்று. வயிறு கெடுவதற்கெல்லாம் காரத்தையே காரணமாக்குதல் தகாது. அலிபிரியிலிருந்து 3,550 படிகளை வெறும் வயிற்றோடு ஏறி, வரிசையில் நெடுநேரம் நின்று, பின்னர் பசிவெறியில் ஒரேயடியாக உண்பவர்க்கு எந்த உணவும் தீங்கே செய்யும். சிறுகச் சிறுகப் பலமுறை உண்பதும், மென்று உண்பதும், காய்ச்சி ஆறிய நீரையே பருகுவதும் எத்தகைய வயிற்றிற்கும் பொதுவிதிகள். திருவிழாக் கூட்டங்களில் வாந்திபேதி பரவி ஆயிரக்கணக்கான யாத்திரிகர் மாண்ட காலம் ஒன்றிருந்தது. அந்நோயின் கிருமியை ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் ஆராய்ந்து தெளிவாக்கினார். அது நீர்வழிப் பரவுவது என்பதை உலகம் உணர்ந்தது. நல்ல நீர் நல்ல சோற்றுக்கு முற்பட்டது.

நாம் இதுகாறும் கண்டவற்றால் ஓர் உண்மை விளங்கும். மென்வயிறு உடையவர் உணவுவிடுதியில் ‘காரமில்லாமல்’ என்று கேட்கும்பொழுது, ஏதோ பெருஞ்சலுகையை இரந்து நிற்பவர்போல் குரலைத் தாழ்த்துகின்றார். அவ்வாறு தாழ்த்தவேண்டிய காரணம் ஏதுமில்லை. அவர் கேட்பது அம்மண்ணின் மூத்த உணவை. ஆயிரம் ஆண்டுகளாக அரசியரும் அரசரும் நிலமும் பொன்னும் கொடுத்து, நாழியும் உழக்குமாக அளந்து, கல்லிலே எழுதிவைத்த உணவு அது. மிளகாய் வருவதற்கு முன்பும் அந்நாட்டு மக்கள் சுவையாக உண்டனர், வகைவகையாக உண்டனர், மலையேறும் வலிவோடும் வாழ்ந்தனர். அவ்வுணவு இன்றும் மடைப்பள்ளியிலும் அடுப்படியிலும் வெந்துகொண்டுதான் இருக்கிறது. பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்கும்.